பத்தொன்பது புள்ளி நான்கு, மூன்று முறை

துல்லியமான ஆட்களைக் கண்டால் எனக்குப் பயம். நானும் ஒரு காலத்தில் அப்படி இருந்து, என் நண்பனை ஆறு மாதம் கடலில் வாந்தி எடுக்க வைத்தவன். எழுபதைத் தாண்டிய பிறகாவது இதை எழுதிவிட வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தேன். தசமப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை எண்களோ அத்தனை அறிவு என்பது என் கொள்கை. (விடுதிச் சாம்பாரில் எத்தனை காய் கிடந்தது என்று கேட்டால் 2.00 என்பேன்.) ஆய்வகத்தில் என் மேசைக்கூட்டாளி மிக்கேல், சங்கு குளிப்பவரின் மகன். ஆனால் வள்ளத்தில் கால் வைத்தாலே அவனுக்குக் குடல் புரண்டுவிடும். செய்முறைத் தேர்வில் தேறினால் துறைமுகத்துப் பக்கம் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் அப்பாவோடு வள்ளம்தான்.

தேர்வன்று எங்கள் இருவருக்கும் ஒரே உப்புக் கரைசல். குடுவையில் அதோடு காய்ச்சி வடித்த நீரைக் குறிவரை ஊற்றிக் கலக்கி, பியூரெட் என்ற கண்ணாடி அளவுகுழலிலிருந்து வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும்.

மிக்கேல் வடிநீரை ஊற்றிக் கலக்கி மளமளவென்று தொடங்கிவிட்டான். நான் பியூரெட்டைக் கழுவினேன். ஏழு முறை. இருவருக்கும் பொதுவான வடிநீர் பாட்டில் அதிலேயே காலி. இன்னொரு பாட்டில் கேட்க எனக்குக் கௌரவக் குறைச்சல். காலிப் பாட்டிலில் கழுவுதொட்டிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன். கல்லூரிக் கிணற்று உப்புத் தண்ணீர்! அதில் சோப்பு நுரைக்காமல் இரண்டு வருடம் குளித்தவன், அதையே ஊற்றி உப்பை அளந்தேன்.

எனக்கு 19.4 மில்லி. மறுபடி 19.4. மூன்றாம் முறையும் 19.4. உடம்பெல்லாம் புல்லரித்தது. 19.4000 என்று எழுதிவிட்டு மிக்கேலின் நோட்டை எட்டிப் பார்த்தேன். 16.3, 16.5, 16.4.

“ஏலே, என்னலே இது? ஆடு மேய்ஞ்ச மாதிரி இங்கனயும் அங்கனயும் போயிருக்கு?”

“எனக்கு அப்படித்தாம்லே வருது.”

“எனக்கு மூணும் ஒண்ணுபோல வந்திருக்கு பாரு. தப்புன்னா மூணு தடவையுமா ஒரே தப்பு வரும்? அடிச்சிட்டு மாத்தி எழுதுலே. வேலை வேணுமா, வேண்டாமா?”

வேலை என்றதும் அவன் மூன்றையும் அடித்துவிட்டு 19.4 என்று எழுதினான்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் எங்கள் நோட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தார். சரியான விடை 16.4.

“யார் சொல்லி மாத்தினே?” என்று மிக்கேலைக் கேட்டார்.

அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நானாத்தான் மாத்தினேன் சார்.”

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பியூரெட்டின் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அளவைத் திருத்தியதற்காக அவனுக்குத் தோல்வி. தவறான விடையைக் கூசாமல் மூன்று முறை எழுதிய நான், வாய்மொழிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தேறிவிட்டேன்.

மறுதேர்வுக்கு ஆறு மாதம். அதுவரை அவன் வள்ளத்தில் போனான். ஒருநாள் அவன் வீட்டுக்குப் போனேன். சுருண்டு படுத்திருந்தான்.

“வாங்க தம்பி,” என்றார் அவன் அம்மா. “சங்கெடுக்கப் போன பிள்ளை தின்ன சோத்தையெல்லாம் மீனுக்குப் போட்டுட்டு வாரான். இவங்க அப்பாவுக்கு ஊருக்குள்ள தலைகாட்ட முடியல.”

அன்றும் நான் சொல்லவில்லை. அவன் மறுதேர்வில் தேறி, வேறொரு சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அவனுக்குக் கல்யாணமும் ஆன பிறகுதான், அவன் வீட்டு விருந்துக்குப் போன இடத்தில் சொன்னேன்.

“மிக்கேலு, அன்னைக்குப் பாட்டில்ல இருந்தது குழாய்த்தண்ணிதாம்லே. நான்தான் பிடிச்சேன்.”

“தெரியும்லே. பாத்துக்கிட்டுல்லா நின்னேன்.”

“பெறவு ஏம்லே மாத்தி எழுதினே?”

“நாலு தசமம் எழுதுத ஆளு, யோசிக்காமயா செய்வான்னு நெனச்சேன்.”

பரிமாறிக்கொண்டிருந்த அவன் மனைவி, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்றும் அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், குழம்பில் உப்பு போதுமா என்று மற்றவர்களை ஒரு முறை கேட்பார்கள். என்னை மூன்று முறை கேட்பார்கள். மூன்று முறையும் நான் “சரியாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டால், எழுந்து போய் இன்னும் கொஞ்சம் உப்பு எடுத்து வருவார்கள்.