எட்டாம் மாடியில் கிணறு இல்லை

விலைக்கு வீடு உள்ள ஊரிலெல்லாம் ஓர் உயிரினம் உலாவுகிறது. தவளைக்கும் தட்டானுக்கும் படம் கீறிப் பாகம் குறித்த பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகம் இதை மட்டும் விட்டுவிட்டது. இதன் பெயர் வீடு பார்ப்பவர். கவனியுங்கள், வீடு வாங்குபவர் அல்ல. வாங்குபவர் வருவார், பார்ப்பார், காசைக் கொடுப்பார், போய்விடுவார். அவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? பார்ப்பவரோ வருவார், செருப்பைக் கழற்றுவார், சுவரை விரல் மொட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார், யன்னலைத் திறந்து மூடி மறுபடி திறப்பார், குசினிக்குள் அடுப்படியில் நின்று மூக்கை உறிஞ்சுவார், வீட்டுக்காரி தந்த தேத்தண்ணியைக் குடித்து இன்னொன்று கிடைக்குமா என்று ஜாடையாகப் பார்ப்பார், கடைசியில் வாசலில் நின்று, "வீடு நல்ல வீடுதான்" என்பார்.

இப்படிச் சொல்லிவிட்டால் அந்த வீட்டை அவர் இந்த ஜென்மத்தில் வாங்கமாட்டார்.

மட்டக்களப்பில் இந்த இனத்துக்குத் தலைவர் இளையதம்பி. வாய்க்கால் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு ஆடி மாதத்துக்குள் பதினேழு வீடு பார்த்து முடித்திருந்தார். கல்லடி வீட்டில் மாமரம் அதிகம், சருகு கூட்ட ஆளில்லை. அரசடி வீட்டில் மாமரமே இல்லை, நிழலுக்கு எங்கே போவது? ஒரு வீட்டில் படிக்கட்டு செங்குத்து. இன்னொன்றில் படிக்கட்டே இல்லை, தண்ணீர் வந்தால் எதில் ஏறுவது? பதினேழாவது வீட்டில் மூன்று தேத்தண்ணி குடித்தும் ஒரு குறையும் அகப்படவில்லை. வெளியே வந்து, வாசலில் நின்ற பொடியனிடம் சொன்னார்:

"ஒரு குறையுமில்லாத வீட்ட என்னத்துக்கு மனே விக்கிறான்? என்னமோ இருக்கு."

சிரிக்கலாம். அவருடைய ஒரே மகள் கஜானிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் இது: வீடு பெண்ணுக்கு. கல்யாணத்தன்று மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து அந்த வீட்டில் குடியேறுவார். தாயும் தகப்பனும் ஒதுங்கி, அதே வளவின் ஒரு மூலையில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொள்வார்கள். கஜானிக்கென்று நாவலடியில், கடலோரமாக ஒரு வீடு இருந்தது. இளையதம்பி ஐந்து வருடமாகக் கட்டியது. 2004 மார்கழி இருபத்தாறாம் திகதி குடும்பத்தோடு வாவிக்கு அக்கரையில் படுவான்கரைக்கு வயல் பார்க்கப் போனவர், திரும்பி வந்தபோது வாசல் படி மூன்று மட்டும் நின்றது. படி ஏறினால் போய்ச் சேர ஒன்றுமில்லை. அன்றிலிருந்துதான் மனிதர் வீடு பார்க்கிறார்.

கஜானி கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தாள். அவளுக்குப் பேசி வைத்திருந்த நிதுர்ஷனும் கொழும்பில்தான். இரண்டு வருடமாகக் காத்திருக்கிறான். அவனுடைய தாய் ஆச்சிப்பிள்ளைக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

"ஆவணிக்குள்ள வீட்டுப் பூட்டும் திறப்பும் பொம்புளயிட கையில இருக்கோணும். இல்லாட்டி நாங்க வேற இடம் பாக்கிற" என்று ஆள் அனுப்பிவிட்டார்.

கஜானி ஊருக்கு வந்து நேரே ஹேர்பர்டிடம் போனாள். டச்பார் கரையோரத்துப் பறங்கியர், போர்த்துக்கேயர் வழிவந்தவர், நல்ல தச்சர், தகப்பனின் பழைய கூட்டாளி. நாவலடி வீட்டுக்குக் கதவு செய்தவரும் அவரே. அதே நாளில் கடல் அவருடைய பட்டறையைக் கொண்டுபோன பிறகு, கதவு செய்கிற தொழிலை விட்டுக் கதவைத் திறந்து காட்டுகிற தரகுத் தொழிலுக்கு மாறியிருந்தார்.

"அங்கிள், இந்த முறை எப்படியாவது அப்பாவ வாங்க வைக்கோணும்."

"உங்கட அப்பனுக்கு வீடு விக்கேலாது மகள். நான் புகழப் புகழ அவன் குறை நோண்டுவான்." ஹேர்பர்ட் தலையைச் சொறிந்தார். சொறிந்த கை அப்படியே நின்றது. "அப்ப, நான் நோண்டினா?"

அடுத்த கிழமை, பிள்ளைகள் வேலை பார்க்கிற ஊரிலேயே ஒன்று பார்ப்போம் என்று மூவரும் கொழும்புக்குப் போனார்கள். முன்பெல்லாம் எங்கள் ஆட்கள் அங்கே ஓர் இரவு தங்கவே பொலிசில் பெயர் பதிய வேண்டும். சண்டை முடிந்து ஒரு வருடம், இப்போது வீடே பார்க்கலாம். வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கட்டடம். எட்டாம் மாடியில் ஓர் அறையும் ஒரு ஹோலும் உள்ள வீடு. சொந்தக்காரர் கனடாவில், திறப்பு பக்கத்து வீட்டு சபீனாவிடம். சபீனா மட்டக்களப்புக்குப் பக்கத்து ஏறாவூர்ப் பெண் என்று தெரிந்ததும் இளையதம்பிக்குப் பாதி ஊர் வந்த மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றினார். சுவரைத் தட்டக் கையை ஓங்கினார்.

"வேணாம் மச்சான், வா போவம்" என்றார் ஹேர்பர்ட். "ஒரு அறைதான் இருக்கு."

இளையதம்பி திடுக்கிட்டார். அது அவர் சொல்ல வைத்திருந்த வசனம். சொந்தச் சாமானை இன்னொருவர் தூக்கிக்கொண்டு ஓடினால் யார்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்?

"ஒரு அறையெண்டா என்ன? ரெண்டு பேர்தானே இருக்கப் போறாங்க."

"குசினிக்குள்ள ரெண்டு பேர் நிக்கேலாது."

"நல்லம். மாமியாக்காரி உள்ளுக்கு வரமாட்டா."

சபீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கஜானி தரையைப் பார்ப்பதுபோல் நின்றாள்.

"கீழ தபால் பெட்டியளப் பாத்தியா? ரெண்டு சிங்களப் பேர், ஒரு மலாய்ப் பேர், ஒரு போரா முஸ்லிம். மிச்சம் முழுக்க யாழ்ப்பாணம்."

மட்டக்களப்பாருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் என்றைக்கும் ஒரு இழுபறி, இது கொஞ்சம் உறைத்தது. இளையதம்பி கண்ணை மூடி யோசித்தார். "லிப்டில எட்டு மாடிக்கு ஒரு நிமிசம். ஒரு நிமிசம் யாழ்ப்பாணத்தாக்களோட ஆரும் நிக்கலாம்."

"கிணறில்லையே மச்சான்."

"அள்ளுற வேலையுமில்ல."

"வளவு? நாளைக்குப் பேத்தி பிறந்தா அவளுக்கு எந்த மூலையில வீடு கட்டுற?"

இளையதம்பி கூரையை அண்ணாந்து பார்த்தார். "மேல ஒம்பதாம் மாடி இருக்குத்தானே!"

வென்றுவிட்டோம் என்று கஜானி நினைத்தாள். ஹேர்பர்டும் நினைத்தார், நினைத்த சந்தோசத்தில், நாடகம் முடிந்தது தெரியாத நடிகனைப்போல இன்னொரு குறை தேடி, ஹோலின் பெரிய திரைச்சீலையை ஒரே இழுவையில் இழுத்தார்.

கடல்.

யன்னல் முழுக்கக் கடல். கீழே ரோட்டு, அடுத்தது ரயில் பாதை, அதற்குப் பிறகு கறுப்புக் கல்லு, அங்கிருந்து வானம் வரைக்கும் அதுதான். கொழும்பில் இதற்குத்தான் விலை கூட. ஹேர்பர்டின் கை திரையிலேயே இருந்தது.

"மச்சான்... எனக்குத் தெரியாது" என்றார். இந்த முறை நடிக்கவில்லை.

இளையதம்பி ஐந்தரை வருடமாகக் கடற்கரைப் பக்கம் தலை வைத்தும் படுக்காதவர். மீன்கூட வாவி மீன்தான். ஆவணி போயிற்று, நிதுர்ஷனும் போனான் என்று கஜானி மனதுக்குள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே, அவர் மெல்ல நடந்து யன்னலடிக்குப் போனார்.

"புள்ள, உங்களுக்கு இதப் பாக்கப் பயமில்லையா?"

"இஞ்ச வந்து ரெண்டு மாசமா நான் திரையத் திறக்கயே இல்ல" என்றாள் சபீனா. "மறுகா ஒரு நாள் உடுப்புக் காயப்போடத் திறந்தன். அது அங்கயே கிடக்கு. நாங்க இஞ்ச கிடக்கம்."

இளையதம்பி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். மூச்சுப்பட்ட இடம் மங்கி மங்கித் தெளிந்தது.

"நாவலடியில கடலச் சவுக்கந்தோப்பு மறைச்சுப்போட்டுது" என்றார், யாருக்கும் சொல்லாத மாதிரி. "பக்கத்து வீட்டுச் சனம் சோறு தின்னுக்கிட்டு இருந்திருக்கு. வாறது ஒருத்தருக்கும் தெரியல்ல." உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு திரும்பினார். "இஞ்ச இருந்தா என்ட பிள்ளைக்கு முதலே தெரியும். ஹேர்பர்ட், எங்க கையெழுத்து வைக்கிற?"

கஜானி சட்டென்று திரும்பி, தகப்பன் தட்டாமல் விட்ட சுவரை விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். சுவரில் என்ன கேட்டதோ தெரியாது. கண்ணைத் துடைக்க அந்த இடம் வசதியாக இருந்தது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. நிதுர்ஷன் உடுப்புப் பெட்டியை லிப்டில் ஏற்றிக்கொண்டு குடிவந்தான். ஆச்சிப்பிள்ளை குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, உண்மையிலேயே உள்ளே போகமுடியாமல் திரும்பினார்.

இளையதம்பி திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இனம் அப்படியெல்லாம் மாறாது. போன ஞாயிறு புளியந்தீவில் ஒரு வீட்டில் இரண்டாவது தேத்தண்ணியோடு இருந்தாராம். வீடு நல்ல வீடுதானாம்.

இதுவரைக்கும் அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள், சந்தோசம். ஒன்றே ஒன்று. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்குமா என்று பதறிக்கொண்டிருந்த நேரத்தில், கரண்ட் போனால் எட்டு மாடியும் எப்படி ஏறுவது, மேற்கு வெயில் ஹோலுக்குள் அடிக்காதா, உப்புக் காற்றுக்கு யன்னல் கம்பி எத்தனை நாளைக்கு நிற்கும் என்று உங்கள் மனதின் ஓரத்தில் ஏதாவது ஓடியதா?

ஓடியதென்றால், வாங்க, உள்ளே வந்து இருங்க. தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு?