தேய்ந்த எழுத்தில் பெரியப்பாவின் போஸ்டர்

படித்த படிப்பை முதலில் சொந்தக்காரர்கள் மேல்தான் பரீட்சை செய்து பார்ப்போம். நான் டிசைன் படித்தவன். செத்துப்போன பெரியப்பா மேல் கை வைத்தேன்.

அவர் நெய்வேலி சுரங்கத்தில் பெர்மனென்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். டவுன்ஷிப்பை ஒட்டி வீடு. "என் ஷிப்ட் ஆளுங்கதான் என்னைத் தூக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். மறுநாள் நாலு மணிக்கு எடுப்பு. ஷிப்ட் ஆட்களின் நம்பரெல்லாம் அவர் போனில். அந்தப் போனைத் திறக்கத் தெரிந்த ஒரே ஆள் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார்.

"கண்ணீர் அஞ்சலி போஸ்டர் நீயே போட்டுடு கண்ணு. பஸ் ஸ்டாப்புல பாத்தா எல்லாரும் வந்துருவாங்க" என்றார் பெரியம்மா.

எல்லாரும் போடுகிற மாதிரியா போடுவேன்? (சென்னையில் மூன்று வருடம் படித்த கொழுப்பு.) அந்தக் காலத்து அச்சு எழுத்து மாதிரி, முனையில் குட்டிப் பாதம் வைத்த கனத்த எழுத்து. அதைச் சுரண்டினேன், விரிசல் விட்டேன், அங்கங்கே மையை உதிர்த்தேன். பின்னால் பழுப்புக் காகித நிறம். பெரியப்பா முகத்திலும் நாலு கீறல். தேதியைச் சிறிதாக வைத்து அதையும் தேய்த்தேன்.

பிரிண்டிங் கடைக்காரர் தயங்கினார். "தம்பி, எழுத்து அழிஞ்சிக்கினு இருக்குது. ஜனங்க என் மெஷினைத் திட்டுவாங்க."

"அண்ணே, இதுதான் ஸ்டைல்" என்றேன். அப்போதே யாராவது என் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம்.

மறுநாள் முதல் ஷிப்ட் விட்டது. நாலு மணி ஆயிற்று. பெரியம்மா வாசலையே பார்த்துக்கொண்டு, "பஸ்ஸு லேட்டா இருக்கும், செத்த இருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்தரை வரை இருந்தோம். ஷிப்ட் ஆட்களில் ஒருவர்கூட வரவில்லை. கடைசியில் தூக்கியது என் தம்பி, நான், பிரிண்டிங் கடைக்காரர், வேன் டிரைவர். எனக்கு அழுகையை விட அவமானம்தான் அதிகமாக வந்தது.

அடுத்த நாள் காலையில் பெரியப்பாவின் ஷிப்டில் இருந்த செல்வராசு அண்ணன் மாலையோடு வந்தார்.

"மன்னிச்சிக்கோங்கம்மா. நேத்து பஸ் ஏறச்சொல்லதான் போஸ்டரைப் பாத்தோம். வெயில்ல மழையில கெடந்து நைஞ்சி போயிருந்துச்சு. அண்ணன் போனதே நமக்குத் தெரியாமப் போச்சேன்னு பஸ்ஸுல எல்லாரும் அழுதுக்கினு போனோம். ஆறேழு மாசம் இருக்குங்களா?"

பெரியம்மா அவரையே பார்த்தார். "நேத்துதாம்பா எடுத்தோம்."

செல்வராசு அண்ணன் மாலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டேன். (வேறு எங்கே போவது?)

இப்போதும் நான் டிசைன் செய்த எந்தப் பத்திரிகையையும் எங்கள் வீட்டில் சும்மா வாங்க மாட்டார்கள். "இது நடக்கப்போற கல்யாணமா, நடந்து முடிஞ்சதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுவார்கள். பெரியம்மாவும் சேர்ந்து சிரிப்பார். போன பொங்கலன்று அப்படிச் சிரித்து முடித்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, எனக்காவது புது எழுத்துல போடுடா."