வாஷ்பேசினில் போன வாடகை

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். இந்தச் சௌக்கியம் மாதக் கடைசி வரைதான் என்று மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால் இதை எழுத நேர்ந்தது.

விஷயம் வாஷ்பேசின். போன வருடம் கூடத்து மூலையில் இருந்த வாஷ்பேசின் சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்து உடைந்தது. நான் அப்போது கடைக்குப் போயிருந்தேன். போல்ட் துருப்பிடித்துத் தானாக விழுந்தது என்று உங்கள் மாமியார் சொன்னாள், நானும் அதையே வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரோ யாரோ சாய்ந்து உடைத்ததாகச் சொல்லிப் புதியதன் விலையை என் தலையில் கட்டினார். முடியாது என்றேன். அவர் சண்டை போடவில்லை, ரொம்ப மரியாதையான மனிதர். அடுத்த மாத வாடகையை வாங்கி எண்ணிவிட்டு, "ரொம்ப சந்தோஷம் சார். இதை வாஷ்பேசின்ல வரவு வச்சுக்கிறேன். வாடகை எப்போ தருவீங்க?" என்றார்.

அன்றிலிருந்து நான் கொடுப்பதெல்லாம் முந்தின மாதப் பாக்கிக்கும் தாமதக் கட்டணத்துக்கும் போகிறது. நான் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அவர் கணக்கில் ஒரு மாதம்கூட முழுதாகக் கட்டியதில்லை. உறையின் மேல் 'இந்த மாத வாடகைக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தும் பார்த்தேன். "உறை மேல நீங்க என்ன வேணா எழுதுங்க சார், எதுல வரவு வைக்கிறதுன்னு நான்தானே பாக்கணும்?" என்று சிரித்தார். இந்த வித்தையை உங்கள் மாமியாரும் கற்றுக்கொண்டாள். காலையில் நடந்த சண்டைக்கு மன்னிப்புக் கேட்டால், "இது போன வருஷச் சண்டைக்குச் சரியாப் போச்சு. இன்னைக்குத் தனியாக் கேளுங்க" என்கிறாள்.

இப்போது பாக்கியைக் காட்டி வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார். அவளுக்கோ முழங்கால் வலி, படி ஏற முடியாது. கீழ்த்தளத்தில் இந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது. எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. நீங்கள் வங்கியில் இருப்பவர், கணக்குப் பேசத் தெரிந்தவர். ஞாயிற்றுக்கிழமை வந்து அவரிடம் பேச வேண்டும். நான் மில் ஸ்டோரில் காலம் தள்ளியவன், ஒரு ஆணி காணாமல் போனாலும் எடுத்த கை எது என்று சொல்லிவிடுவேன். நம் வீட்டு மனிதர்கள் யாரும் அதைத் தொடவில்லை. அப்படி எவனாவது உடைத்துவிட்டு வாயைத் திறக்காமல் போயிருந்தால், அவன் சோற்றில் உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறானா என்று கேட்பேன்.

நீங்களும் மகளும் நோய்நொடி அண்டாமல் நூறாண்டு வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் முன் உங்கள் மாமியார் இதை வாங்கிப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "மாப்பிள்ளைக்கே இப்படி எழுதுவீங்களா? அன்னைக்கு அவர்தான் அதுமேல கையை ஊணிக்கிட்டு கண்ணாடியில மீசையைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. மாப்பிள்ளையைப் போய் எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்" என்றாள். உப்பைப் பற்றிய வரியை அடித்திருக்கிறேன். தெரிந்தாலும் படிக்க வேண்டாம். உடனே மாடிக்குப் போய், பாக்கியை மாதாமாதம் கொஞ்சமாகக் கட்டுவதாக ஒப்புக்கொண்டேன். வீட்டைக் காலி செய்ய வேண்டாமாம். "அப்ப யார்தான் சார் உடைச்சது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள், பேச வேண்டாம், சாப்பிட்டால் போதும். கை கழுவ நானே செம்பில் தண்ணீர் ஊற்றுகிறேன்.