பட்டிக்குள் முழு சிக்னல்

எங்கள் லுபாலேனி கிராமத்தில் கைப்பேசி சிக்னல் நூற்றுக்கு நூறு இருக்கிறது. இதை நான் சொல்லவில்லை, ஊதா கம்பெனியின் வரைபடம் சொல்கிறது. அதில் எங்கள் குன்றுகள், ஓடை, பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டம் எதையும் விட்டுவைக்காமல் ஊதா பூசியிருக்கிறார்கள். செத்தவர்களுக்குக்கூடக் குறை வைக்கவில்லை. உயிரோடு இருப்பவர்கள் விஷயத்தில்தான் ஒரு சின்னச் சிக்கல். ஊதா பூசிய பரப்பு முழுவதிலும் போன் வேலை செய்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது ஸ்வெலிபான்சி மடோலோ பெரியவரின் மாட்டுப்பட்டியில், வடக்கு மூலையில், கறுப்புக் காளை படுத்துக்கொள்ளும் இடம்.

அதனால் ஊர் ஆண்கள் காலையிலிருந்து அந்திவரை அந்தப் பட்டியில்தான் கிடப்போம். வருகிறவன் வெறுங்கையோடு வரமாட்டான். பெரியவருக்குக் கொஞ்சம் புகையிலை, முடிந்தால் ஒரு மடக்கு பிராந்தி. பள்ளிக்கூட ஆய்வாளர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நாய்கூட எட்டிப்பார்க்காமல் இருந்த மனிதர் அவர். இப்போது ஊரே அவர் மாடுகளுக்கு நடுவில் நின்று "ஹலோ, கேக்குதா?" என்று கத்துகிறது. அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். அதைவிட முக்கியம், ஊர்த்தலைவர் சபையின் சிக்னல் மேம்பாட்டு உபகுழுவுக்கு நான்தான் செயலாளர். ஊரில் சிக்னல் மேம்படவில்லையே தவிர உபகுழு நன்றாக மேம்பட்டிருக்கிறது.

சிக்னல் இல்லாத ஊரில் போன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மாதத் தவணையில் ஒப்பந்தம் போட்டு, மூன்று கண் வைத்த புது ஸ்மார்ட்போன் வாங்காதவன் எங்கள் ஊரில் மனிதனே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வேதப்புத்தகத்தின் மேல் அதை வைத்துக்கொண்டால்தான் ஜெபம் ஏறும். அதில் முகம் பார்ப்போம், டார்ச் அடிப்போம், நிலாவைப் பெரிதாக்கிப் படம் எடுப்போம். பேசுவதற்குப் பட்டிக்குப் போவோம்.

பெரியவரின் மருமகள் நோலுண்டிக்கும் அப்படி ஒரு போன் இருந்தது. அவள் புருஷன் ருஸ்டன்பர்க் சுரங்கத்தில் வேலை செய்கிறான். அவன்தான் அப்பாவின் ஓய்வூதியத்தைக் காட்டி, அப்பா பெயரில் முப்பத்தாறு மாத ஒப்பந்தம் போட்டு, மனைவிக்கு அதை வாங்கிக் கொடுத்தான். நோலுண்டி என்பது நாங்கள் வைத்த பெயர். கல்யாணமாகி வருகிற பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் புதுப் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். பெரியவரின் தங்கை தேர்ந்தெடுத்த பெயர் அது, நன்றாகவே இருக்கிறது.

எங்களிடம் வேறு இரண்டு வழக்கங்களும் உண்டு. மருமகள் புகுந்த வீட்டின் மாட்டுப்பட்டிக்குள் கால் வைக்கக் கூடாது. மாமனார் பெயரை வாயால் உச்சரிக்கக் கூடாது. இரண்டும் தொன்றுதொட்டு வருபவை. வரைபடத்துக்கு ஊதா பூசியவர்களுக்கு இவை தெரிந்திருக்க நியாயமில்லை.

நோலுண்டி நர்ஸ் படிப்பு முடித்தவள். மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலைக்கு எழுதிப் போட்டு, தேர்வாகியும் விட்டாள். எப்போது வந்து சேர வேண்டும் என்று போனில் சொல்வார்கள். ஒரே ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள், ஆள் கிடைக்காவிட்டால் அடுத்த பெயர். கொடுத்த எண்ணை மாற்றவும் முடியாது. அவள் அடுப்படி வாசலில் ஊதாவுக்கு ஒரு கோடும் வராது. ஆனால் மருந்தகத்து வண்டி ஓட்டுநரின் பச்சைக் கம்பெனிப் போனில் அதே வாசலில் இரண்டு கோடு வந்ததை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு பச்சைக்கு மாறிவிட வேண்டும் என்று மாமனாரிடம் போய் நின்றாள்.

"சிக்னல் நம்ம வீட்டுலயே வந்து குடியிருக்கு. அத விட்டுட்டுப் பச்சைக்காரன எதுக்கும்மா தேடுற?"

"அது பட்டிக்குள்ள இருக்கு மாமா."

"பட்டி நம்ம வீடு இல்லையா?"

"உங்களுக்கு வீடு மாமா. எனக்கு வேலி."

பெரியவர் ஒரு வாரம் யோசித்தார். மருமகள் பச்சைக்குப் போனால் ஊரும் பின்னாலேயே போய்விடுமோ என்ற கவலை அவருக்கு. புகையிலையும் போய்விடும் அல்லவா? ஆனாலும் நல்ல மனசு. கடைசியில் சம்மதித்தார்.

போனைப் பட்டிக் கம்பத்தின் மேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். உள்ளே பெரியவர், வேலிக்கு வெளியே நோலுண்டி, சுற்றிலும் ஆர்வமுள்ள பொதுமக்கள். ஊதா கம்பெனியின் ஜோகன்னஸ்பர்க் அலுவலகத்திலிருந்து லுத்தோ என்ற பையன் எங்கள் பாஷையிலேயே பேசினான். பெரியவர் தன் பெயர், அடையாள எண் எல்லாம் கணீரென்று சொன்னார்.

"ரொம்ப நன்றிங்க ஐயா. போன உபயோகிக்கிறது யாரு?"

"என் மருமக."

"அவங்க ஒரு தடவ கணக்கு உரிமையாளரோட முழுப் பேரச் சொல்லணும். பாதுகாப்புக்காக."

நாங்கள் எல்லோரும் காளையைப் பார்த்தோம்.

"தம்பி, அவரு என் மாமனாரு," என்றாள் நோலுண்டி வேலிக்கு வெளியிலிருந்து.

"சரிக்கா. பேரு?"

"அதான் சொன்னேனே. மாமனாரு."

"எனக்குப் புரியுதுக்கா. எங்க அண்ணியும் எங்கப்பா பேரச் சொல்ல மாட்டாங்க. ஆனா கம்ப்யூட்டருக்கு மாமனார் கிடையாதே."

"பள்ளிக்கூடத்துல ஆய்வாளரா இருந்தவரு. கறுப்புக் காள வச்சிருக்காரு. இடது முட்டியில வலி. இப்பத்தான அவரே வாயத் தொறந்து சொன்னாரு?"

"அவரு சொன்னது அவருக்கு. நீங்க சொல்றது அதோட ஒத்துப்போகணும்."

"அவரு சொன்னதேதான்னு நான் சொல்றேன்."

"அந்தப் பேர்ல எங்ககிட்ட வாடிக்கையாளர் யாரும் இல்லக்கா."

பெரியவர் எங்கள் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் பெருமை. "பாத்தீங்களாடா? செத்தாலும் சொல்ல மாட்டா. இதுக்குத்தான் இவளுக்குப் பரிசமா பதினோரு மாடு குடுத்தேன்."

லுத்தோ இரக்கமுள்ளவன். வேறு வழி இருக்கிறதா என்று தேடினான். "என்ன காரணத்துக்காக மாறணும்கா?"

"சிக்னல் இல்ல தம்பி."

"இப்ப எப்படிப் பேசுறீங்க?"

"இது பட்டி."

"பட்டி உங்க முகவரியில சேர்ந்ததுதானே?"

"சேர்ந்ததுதான்."

"அப்ப உங்க முகவரியில சிக்னல் இருக்கு. நீங்க புகார் சொல்ற குரலே அவ்வளவு தெளிவா கேக்குதே. எதுக்கும் அதிகாரிய நேர்ல அனுப்பச் சொல்றேன்."

அதிகாரி வந்தார். பெயர் மண்டிலாகே. பதவி, வாடிக்கையாளர் மகிழ்ச்சி மண்டல அலுவலர். வெள்ளைக் கார், கூர்மூக்குச் செருப்பு, கையில் ஒரு கருவி. சாணியைத் தாண்டித் தாண்டிப் பட்டிக்குள் போய் அளந்தார். கருவி நிரம்பி வழிந்தது. பிறகு நோலுண்டியின் அடுப்படிக்கு வந்து அளந்தார். கருவி தூங்கிவிட்டது.

"சிக்னல் மேல தப்பு இல்லம்மா. நீங்க நிக்கிற எடம்தான் தப்பு."

"நான் என் அடுப்படியில நிக்கிறேன்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

பத்து நாளில் அறிக்கை வந்தது. 'மேற்படி முகவரியில் சிக்னல் சிறப்பான முறையிலும், பயனாளர் மட்டும் பொருத்தமற்ற முறையிலும் அமைந்துள்ளமை கண்டறியப்பட்டது. சிக்னலை இடம் மாற்றுதல் தொழில்நுட்பரீதியாகச் சாத்தியமன்று.' எங்கள் உபகுழுவும் கூடி ஆராய்ந்தது. வழக்கத்தை இடம் மாற்றுதல் பண்பாட்டு ரீதியாகச் சாத்தியமன்று என்று நாங்களும் கண்டறிந்தோம். இரண்டு பெரிய அமைப்புகள் இவ்வளவு சீக்கிரம் ஒரே முடிவுக்கு வருவது அபூர்வம். அசையக்கூடியது போன் ஒன்றுதான். ஆகவே நோலுண்டியின் போன் பட்டியில் இருக்கும், அவள் சார்பில் மாமனார் பேசுவார் என்று தீர்மானம் நிறைவேறியது. மண்டிலாகேயைப் பற்றித் தப்பாகச் சொல்லக் கூடாது. வந்த அன்றே நான்கு புது ஒப்பந்தங்களை விற்றுவிட்டுத்தான் ஊரைவிட்டுப் போனார். அதில் ஒன்று என்னுடையது.

நோலுண்டி போனை வேலிக்கு மேலாக நீட்டினாள். "ஆஸ்பத்திரியில இருந்து வரும் மாமா. ஒரு தடவதான் வரும். வந்ததும் ஒரு சத்தம் குடுங்க, ஓடி வந்துர்றேன்."

"நீ போய் அடுப்பப் பாரும்மா. நான் எதுக்கு இருக்கேன்?"

மறுநாளிலிருந்து பெரியவர் ஆய்வாளர் காலத்துக் கோட்டை மாட்டிக்கொண்டு, காளைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். சாப்பாடுகூட வேலிக்கே வந்தது. அவர் அவ்வளவு சிரத்தையோடு செய்த வேலை வேறு எதுவும் இல்லை, சம்பளம் வாங்கிய காலத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வியாழக்கிழமை போன் அடித்தது. நான் பக்கத்திலேயே இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டோம்.

"மாவட்ட ஆஸ்பத்திரியில இருந்து பேசுறோம்," என்றாள் ஒரு பெண். ஏதோ ஒரு பெயரைச் சொன்னாள், நீளமான பெயர். "அவங்க இருக்காங்களா?"

"யாரு?" என்றார் பெரியவர். அவள் மறுபடியும் சொன்னாள். அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் உதட்டைப் பிதுக்கினோம்.

"நோலுண்டிக்குத்தானே கூப்பிட்டீங்க?"

"நோலுண்டின்னு எங்ககிட்ட யாரும் இல்லையே."

"நீங்க சொல்ற பேர்ல எங்ககிட்டயும் யாரும் இல்லையேம்மா."

"நல்லா விசாரிச்சுச் சொல்லுங்க ஐயா. வேலை விஷயம்."

பெரியவர் சிரத்தையான மனிதர் என்றேனே, போனை என் பக்கம் திருப்பினார். நானும் பொறுப்போடு சொன்னேன். "நான் சபையோட உபகுழுச் செயலாளர் பேசுறேன். இந்த ஊர்ல எல்லா வீடும் எனக்கு அத்துப்படி. அப்படி ஒரு ஆளே இங்க கிடையாது."

"ரொம்ப நன்றிங்க," என்று அவள் வைத்துவிட்டாள். ஒரு சொல்கூடத் தேயாமல் கேட்டது. அன்றைய சிக்னல் அப்படி.

அந்தியில் நோலுண்டி உடைத்த சோளமும் பயறும் வேகவைத்துத் தட்டில் போட்டு, வேலிக்கு வந்தாள். பெரியவர் பொரிந்து தள்ளினார். "ஆஸ்பத்திரியா நடத்துறாங்க? உன் பேர விட்டுட்டு வேற எவளையோ கேக்குறாங்க. நான் சும்மா விடல. அப்படி யாரும் இல்லன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டேன்."

"என்ன பேரு கேட்டாங்க மாமா?"

"எவன் கண்டான்? நீளமா, என்னமோ."

அவள் தட்டை மெதுவாகத் தரையில் வைத்தாள். "அது நான்தான் மாமா."

"நீ நோலுண்டி இல்ல?"

"இங்க வந்த பெறகு."

அந்தப் பெண் அழவில்லை, கத்தவும் இல்லை. படலைத் திறந்தாள். பட்டிக்குள் நடந்து வந்தாள். ஆண்கள் எல்லோரும் எழுந்து விலகினார்கள். காளைகூட எழுந்து இடம் விட்டது. மாமனார் கையிலிருந்த போனை வாங்கி, ஊதா கம்பெனியைக் கூப்பிட்டாள். நல்லவேளையாக, அல்லது கெட்டவேளையாக, அதே லுத்தோ எடுத்தான்.

"கணக்கு உரிமையாளரோட முழுப் பேரு சொல்லுங்கக்கா."

"ஸ்வெலிபான்சி மடோலோ."

"கொஞ்சம் சத்தமா?"

"ஸ்வெலிபான்சி மடோலோ." எதிர்க் குன்று அதைத் திருப்பிச் சொன்னது. பெரியவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிலர் தொப்பியைக் கழற்றினார்கள், யாரோ செத்துப்போன வீட்டில் கழற்றுவதைப் போல.

"நன்றிக்கா. உங்க பேரு?"

சொன்னாள்.

"சரியா இருக்கு. எதுக்காக எங்கள விட்டுப் போறீங்க? சிக்னல் குறையா?"

"சிக்னல் முழுசா இருக்கு தம்பி. அதுக்குள்ள நிக்கிற ஒருத்தருக்கும் என்னத் தெரியல, அவ்வளவுதான்."

லுத்தோ கொஞ்ச நேரம் எதையோ தட்டினான். "அத 'இதர காரணங்கள்'ல போட்டுக்கறேன்கா."

ஆஸ்பத்திரி வேலை பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விட்டது. எண் பச்சைக்கு மாறிவிட்டது. நோலுண்டி இப்போது அடுப்படி வாசலில் நின்று பேசுகிறாள். போன வாரம் யாரோ கூப்பிட்டார்கள், பேசி முடித்துவிட்டு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன விஷயம் என்று பட்டியிலிருந்து கேட்கவில்லை.

ஆனால் வழக்கம் என்று ஒன்று இருக்கிறது. பட்டிக்குள் நுழைந்தது, மாமனார் பெயரைச் சொன்னது, ஆக இரண்டு குற்றம். ஒரு செம்மறியாடும் ஒரு பாட்டில் பிராந்தியும் அபராதம் விதிப்பது என்று சபை கூடி ஏகமனதாக முடிவெடுத்தது. வழக்கை எழுத நான் உட்கார்ந்தேன். குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடிதான் எழுத வேண்டும் என்பது விதி, நான் கொண்டுவந்த விதிதான்.

பெரியவரைக் கேட்டேன். "வீட்டுல விசாரிச்சுச் சொல்றேன்" என்றார். அவர் தங்கையைக் கேட்டேன். "நான் வச்சது நோலுண்டி. அதுக்கு முன்னாடி அவ பேரு எனக்கு எதுக்கு?" என்றாள். பெண் கேட்கப் போனவரைத் தேடிப் பிடித்தேன். கொடுத்த பதினோரு மாடுகளின் நிறத்தையும் வரிசையாகச் சொன்னார், பெண்ணின் பெயர் மட்டும் நினைவில்லை. புருஷனைக் கேட்கலாம் என்றால் அவன் பட்டிக்குக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டான். அன்று மாலை அவள் தன் வாயாலேயே சொன்னாள், ஊர் ஆண்கள் அத்தனை பேரும் பக்கத்தில்தான் நின்றோம். மாமனார் பெயர் எங்கள் எல்லோர் காதிலும் விழுந்திருக்கிறது. அவள் பெயர் ஒருவர் காதிலும் விழவில்லை.

அவளையே கேட்டுவிடலாம். யார் கேட்பது என்பதைப் பரிசீலிக்க ஒரு தனிக்குழு அமைத்திருக்கிறோம். அதுவரை வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது. நோலுண்டி நாங்கள் வைத்த பெயர் என்று ஆரம்பத்திலேயே சொல்லியும், இவ்வளவு தூரம் படித்துவந்த நீங்களும் அவள் சொந்தப் பெயர் என்ன என்று நடுவில் ஒரு தடவையும் கேட்கவில்லை. அதையும் உபகுழு குறித்துக்கொள்கிறது.