சகலையின் தீர்ப்பு நின்றது

“தங்கச்சி போன் பண்ணினா. அவ வீட்டுக்காரர் தீர்ப்பு இந்தத் தடவையும் மேல் கோர்ட்ல நின்னுடுச்சாம்,” என்றாள் மனைவி.

நீதிபதி செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

“உங்களோடது என்னாச்சு?”

“ரத்து.”

அக்காளையும் தங்கையையும் கட்டிய இருவரும் ஒரே கட்டடத்தில், அடுத்தடுத்த அறைகளில் நீதிபதிகள். சகலை எதை எழுதினாலும், ‘கீழ் நீதிமன்றம் தன் விருப்புரிமையைச் சரியாகப் பயன்படுத்தியுள்ளது, தலையிட முகாந்திரமில்லை’ என்று மேலே முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள். இவருக்கு மட்டும் வயிறு எரியும்படி ஏதாவது எழுதுவார்கள்.

இந்த முறை ரத்தானது ஒரு வாய்தா விவகாரம். பல்வலி என்று வாய்தா கேட்ட வக்கீலுக்கு இவர் மறுத்துவிட்டார். ‘வாயைத் திறக்கவே முடியாதவரை வாதாடச் சொன்னது விருப்புரிமை அல்ல, பிடிவாதம்’ என்றது மேல் கோர்ட்.

சரி, இனி கேட்டவர்க்கெல்லாம் கொடுப்போம் என்று இறங்கினார். ஒரு வாடகை வழக்கில் பதினோரு வாய்தா. அதுவும் திரும்பி வந்தது: ‘கேட்டதையெல்லாம் கொடுப்பதற்கு நீதிபதி எதற்கு?’

“காரணம் எழுதணும், அண்ணா. காரணம் இருந்தா மேல தொட மாட்டாங்க,” என்றான் சகலை, மாமனார் வீட்டு விருந்தில் எல்லோர் முன்னாலும். மாமனார் சின்ன மாப்பிள்ளையைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். பெரிய மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த உத்தரவுக்கு நாற்பது பக்கம் காரணம் எழுதினார். ‘முழுதும் படித்தோம். வாய்தா கொடுத்தாரா, மறுத்தாரா என்பதுதான் தெரியவில்லை’ என்று பதில் வந்தது.

பொறுத்தது போதும் என்று சகலையின் பழைய உத்தரவு ஒன்றை வரவழைத்து, பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டார். மூன்றே வாரத்தில் அதுவும் வந்து சேர்ந்தது. ‘மனுதாரர் நிறைமாதக் கர்ப்பிணி என்பதால் வாய்தா தரப்படுவதாக உத்தரவு சொல்கிறது. மனுதாரர் அறுபது வயது லாரி டிரைவர்.’

கட்டடமே சிரித்தது. அந்த வாரம்தான் சகலைக்குப் பதவி உயர்வு என்ற பேச்சும் கிளம்பியது.

“போய் வாழ்த்திட்டு வாங்க,” என்றாள் மனைவி.

“தலைவலிக்குது.”

“உங்களுக்கு வலிக்கிறது தலை இல்லைன்னு எனக்குத் தெரியாதா?”

மறுநாள் மதிய இடைவேளையில் சகலையின் குமாஸ்தாவைத் தாழ்வாரத்தில் மடக்கினார்.

“உண்மையைச் சொல்லுய்யா. உங்க ஐயாவுக்கு யாரு பின்னாலேருந்து சொல்லிக் கொடுக்கறது?”

குமாஸ்தா நெளிந்தார். “கோவிச்சுக்கக் கூடாது. நீங்கதாங்கய்யா.”

“நானா?”

“ஆமாங்க. எந்த உத்தரவு எழுதறதுக்கு முன்னாடியும், அதே மாதிரி வழக்குல நீங்க எழுதினதை எடுத்துட்டு வரச் சொல்லி வரி விடாமப் படிப்பாருங்க.”

பத்து வருஷப் புகைச்சல் ஒரு நொடியில் அடங்கியது. நீதிபதியின் நெஞ்சு நிமிர்ந்தது. பாவம், நல்ல பிள்ளை. இவனைப் போய்த் தப்பாக நினைத்துவிட்டோமே!

“படிச்சுட்டு என்ன சொல்வான்?”

“ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க. அப்படியே அதுக்கு நேர்மாறா எழுதிடுவாருங்க.”