பின்னக் கணக்கைப் பார்க்க வந்த பெருமக்கள்

ஆசிரியர் பாடம் நடத்துவதை இன்னொருவர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்த்த பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து நடந்ததை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். அப்படிச் சிந்தித்தால் கல்வி வளர்ந்தே தீரும் என்று தலைநகர் சுவாவில் இருக்கும் கல்வித்துறை முடிவு செய்தது. பள்ளிக் கமிட்டித் தலைவன் என்ற முறையில் எனக்கு இதில் எந்த ஆட்சேபமும் இல்லை. எங்கள் தீவில் ஒருவரை ஒருவர் உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறு பொழுதுபோக்கும் கிடையாது. ஆனால் படகிலிருந்து இறங்கிய மனிதரை, வாயை நனைக்காமல், வயிற்றை நிரப்பாமல், நேராக வேலைக்கு அனுப்புவது எங்கள் பரம்பரையிலேயே இல்லை. கல்வித்துறை என்ன, அந்தக் கர்த்தரே வந்தாலும் முதலில் பாயில் உட்கார வேண்டியதுதான்.

இந்த உத்தரவைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் செரியானா. எட்டாம் வகுப்பு ஆசிரியை, வேறு தீவுக்காரி, தற்காலிக வேலை. அவள் நடத்தும் ஒரு பாடத்தை அதிகாரி பார்த்து, 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். வருஷம் முடிவதற்குள் போடாவிட்டால் டிசம்பர் படகில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"கையெழுத்துக்காக மட்டும் சொல்லல மாமா," என்றாள் என்னிடம். "பின்னக் கணக்கை நாலு விதமா நடத்திட்டேன். நோட்டுல சரியாப் போடறாங்க. வாயைத் திறந்து கேட்டா திருதிருன்னு முழிக்கறாங்க. எங்க தப்பு பண்றேன்னு யாராவது பார்த்துச் சொல்லட்டுமே."

"சொல்லாம எங்க போயிடுவாங்க? நீ கவலையை விடு. வரவேற்பை நான் பாத்துக்கறேன்."

"ஐயோ, வரவேற்பே வேண்டாம்!"

சின்னப் பெண், உலகம் தெரியாதவள். மன்னித்துவிட்டேன்.

அதிகாரி இலியேசா மே மாதம் வந்தார். தங்கமான மனிதர். முறைப்படி, கரைத்துக் குடித்தால் கிறக்கம் தரும் யங்கோனா வேர் ஒரு கட்டு கொண்டுவந்து ஊர்த் தலைவர் முன்னால் வைத்தார். நாங்கள் சும்மா விடுவோமா? அந்த வேரையும் எங்கள் வேரையும் இடித்துக் கரைத்து, ஒரு கைத்தட்டுக்கு ஒரு சிரட்டை, குடித்ததும் மூன்று கைத்தட்டு என்று ஆரம்பித்தோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மாலை போட்டார்கள், பாடினார்கள், ஆடினார்கள். மண்ணடுப்பில் வெந்த கோழியும் சேம்பும் வந்தன. சாப்பிட்டதும் இலியேசா ஒரு கண்ணை மட்டும் மூடினார். இன்னொன்று தானே மூடிக்கொண்டது.

அவர் எழுந்தபோது படகோட்டி கரையிலிருந்து கத்தினான். "தண்ணி வத்துது! இப்பக் கிளம்பலைன்னா பவளப் பாறை மேலதான் படகை உருட்டணும்!"

செரியானா சாக்பீஸும் கையுமாக மணலில் ஓடி வந்தாள். "சார், பாடம்?"

"அடடா, அருமையான பாடமா இருந்திருக்கும்மா," என்று இலியேசா மனதாரச் சொல்லிவிட்டுப் படகில் ஏறினார்.

'பாடம்: பார்க்க இயலவில்லை. பிற: மிக நன்று' என்று அவர் எழுதியது தலைமையகத்தில் பெரிய கவலையை உண்டாக்கிற்று. பார்க்கப் போனவர் பார்த்தாரா என்று பார்ப்பதற்கு ஆள் இல்லாததே குறை என்று கண்டுபிடித்தார்கள். ஆகவே ஆகஸ்டில் இலியேசாவோடு அலுமிதா அம்மையார் வந்தார். ஆக்லாந்தில் சிந்திப்பதற்கென்றே ஆறு வாரப் பயிற்சி எடுத்தவர். கழுத்தில் பட்டையும் அட்டையும், பையில் ஐந்து நிறத்தில் ஒட்டுத்தாள்.

இரண்டு அதிகாரி என்றால் வரவேற்பும் இரண்டு மடங்கு. பன்றி அடித்தோம். மரவள்ளி தோல் உரிக்க, விறகு பொறுக்க, தேங்காய் துருவ ஆள் பற்றாமல் எட்டாம் வகுப்பை ஒரு வாரம் முன்னதாகவே கூப்பிட்டுக்கொண்டேன்.

"மாமா, இது அநியாயம்!" என்று செரியானா சண்டைக்கு வந்தாள். "அவங்க பாக்க வர்றதே என் வகுப்பை. அந்த வகுப்பை இழுத்துட்டு வந்து தேங்கா துருவ விட்டிருக்கீங்க!"

"பாக்க வர்றவங்களுக்குத்தானம்மா துருவுறோம்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனாள். நியாயம் என் பக்கம் இருக்கும்போது எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள்.

இந்த முறை விருந்து முடிந்து தண்ணீர் வற்ற முக்கால் மணி நேரம் மிச்சமிருந்தது. செரியானாவின் முகம் மலர்ந்தது. அலுமிதா அம்மையார் அதற்குள் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்துவிட்டார்.

"இப்ப நாம ஆழ்ந்து சிந்திக்கப் போறோம். எல்லாரும் ஒரு பூ, ஒரு முள் சொல்லணும். பூன்னா பிடிச்சது. முள்ளுன்னா திருத்த வேண்டியது."

"மேடம்," என்றாள் செரியானா, "பாடமே இன்னும் நடக்கலியே. எதைச் சிந்திக்கறது?"

"பாடம் நடந்தாத்தான் சிந்தனை வரும்கிறது பழைய முறைம்மா. இப்பல்லாம் அப்படி இல்ல."

வட்டம் சுற்றி வந்தது. பூக்கள் ஏராளமாகக் கிடைத்தன: பாட்டு, மாலை, கடற்காற்று. முள் கேட்டபோது இலியேசா என் பக்கம் திரும்பினார். "மனசுல வச்சுக்காதீங்க. பன்னி இன்னும் அரை மணி நேரம் வெந்திருக்கலாம்."

அந்த முள் என் நெஞ்சில் தைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அலுமிதா அம்மையார் அதை மஞ்சள் தாளில் எழுதி, கரும்பலகையில் செரியானாவின் பெயருக்கு நேரே ஒட்டிவிட்டுப் போனார்.

நவம்பர் வந்தது. கடைசி வாய்ப்பு. இலியேசா, அலுமிதா, அவர்கள் இருவரையும் பார்க்க இன்னும் நான்கு பேர் என்று ஆறு பேர் வருவதாகத் தகவல். செரியானா என்னைப் பார்க்க வந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் கல் மாதிரி இருந்தது.

"பன்னியை எப்ப வெட்டிப் பங்கு போடுவீங்க?"

"பதினோரு மணிக்கு."

"அப்ப என் பாடம் பதினோரு மணிக்கு, பன்னிக்குப் பக்கத்துல. வகுப்பு விருந்துக்குப் போனா ஆசிரியையும் போகத்தானே வேணும்?"

கெட்டிக்காரி என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை.

அன்று மண்ணடுப்பைத் திறந்து, வாழை இலையில் முழுப் பன்றியைக் கிடத்தியதும், பெருமக்கள் ஆறு பேரும் தாமாகவே நெருங்கி வந்து உற்றுப் பார்த்தார்கள். வகுப்பறையை யாரும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. செரியானா சட்டென்று முன்னால் வந்தாள்.

"பிள்ளைங்களா, இன்னிக்குப் பின்னம். சார், நீங்களே ஒரு கேள்வி கேளுங்க."

இலியேசாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. முன்னால் நின்ற மாணவி லித்தியாவைக் கூப்பிட்டார். "இந்தப் பன்னியை எட்டு பேருக்குப் பிரிச்சா, ஒருத்தருக்கு எவ்வளவு?"

"எட்டு பேரும் யார் யார் சார்?" என்றாள் லித்தியா.

"யாரா இருந்தா என்ன?"

அந்தப் பெண் பதறிப்போனாள். "அப்படிச் சொல்லாதீங்க சார்! ஊர்த் தலைவர் இருக்காரா?"

"சரி, இருக்கார்."

"அப்ப தலை அவருக்கு. நீங்க?"

"நானும் இருக்கேன்."

"அப்ப ஒரு தொடை உங்களுக்கு. அந்த மேடத்துக்கு இன்னொரு தொடை. பாதிரியார் வருவாரா? நான் இருக்கேனா?"

"நீயும் இருக்க."

"அப்ப எனக்கு வால். அதுவும் கமிட்டித் தலைவர் வேண்டாம்னு சொன்னா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கடலைப் பார்த்தேன்.

செரியானா அவள் பக்கத்தில் குனிந்தாள். "லித்தியா, நோட்டுல போட்டியேடி. எட்டுல ஒண்ணுன்னு!"

"தெரியும் மேடம். அது நோட்டுப் பன்னி. இவர் நெசப் பன்னியைக் கேக்கறாரே!"

செரியானா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருஷமாகத் தேடிய தப்பு கையில் கிடைத்துவிட்டது. சிரிப்பும் அழுகையுமாக, "கண்டுபிடிச்சிட்டேன் சார்! நாளைக்கே வேற மாதிரி நடத்தறேன்!" என்றாள்.

பெருமக்கள் ஒதுங்கி நின்று கூடிப் பேசினார்கள். பிறகு இலியேசா தொண்டையைச் செருமினார். "என் பணிக்காலத்தில் நான் முழுசாப் பார்த்த முதல் பாடம் இதுதான். இவ்வளவு நல்லா நடத்தறவங்க வகுப்பறையில வீணாகக் கூடாது. செரியானாவுக்கு வேலை நிரந்தரம். அடுத்த மாசத்திலிருந்து பார்வை அதிகாரி."

"ஐயோ சார், பிள்ளைங்களுக்கு யாரு நடத்துவா?"

"அதையும் பார்ப்போம்," என்றார் இலியேசா. சொன்ன சொல் தவறாத மனிதர். இன்றுவரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆக, டிசம்பர் படகில் செரியானா போனாள். போன வேகத்தில் காலி இடம் விழுந்தது. ஜனவரிப் பள்ளி திறப்புக்கு ஆள் வரவில்லை. விதிப்படி கமிட்டித் தலைவரே தற்காலிகமாக வகுப்பை ஏற்க வேண்டுமாம். ஏற்றேன். ஒரு பாடமாவது அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்டால் எனக்கும் நிரந்தரமாம். பின்னம் என்றால் என்னவென்று எனக்குப் பங்கு வைப்பதில் தெரியும், பலகையில் தெரியாது. 

ஏப்ரலில் பார்வை அதிகாரி செரியானா, அலுமிதா அம்மையாரோடு வந்தாள். படகிலிருந்தே கத்தினாள்: "மாமா, வரவேற்பு கிரவேற்பு ஒண்ணும் வேண்டாம்! நேரா வகுப்புதான்!"

"உனக்கு வேண்டாம். சரி. உன் பின்னால வர்றவங்களுக்கு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அலுமிதா அம்மையார் ஏற்கெனவே பாயில் உட்கார்ந்து, முதல் சிரட்டைக்குக் கைதட்டிவிட்டார். மேலதிகாரி உட்கார்ந்தபின் கீழதிகாரி எப்படி நிற்பது? செரியானா கடிகாரத்தைப் பார்த்தாள், பள்ளிக்கூடத்தைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். அதுவரை எங்கள் தீவு கண்டிராத பெரிய பன்றி அன்று. பரிமாறி முடிப்பதற்குள் படகோட்டி கூப்பிட்டுவிட்டான்.

கரையில் என்னைத் தனியே அழைத்தாள். "நெசமாச் சொல்லுங்க மாமா. பிள்ளைங்களுக்குப் பின்னம் சொல்லிக் குடுத்தீங்களா?"

"அதைப் பாக்கத்தானேம்மா உன்னை அனுப்பியிருக்காங்க?"

அவள் முகம் செத்துப்போயிற்று. தண்ணீர் கணுக்காலுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அலுமிதா அம்மையார் படகிலிருந்து, "செரியானா, நேரமாச்சு, கையெழுத்தைப் போட்டுக் குடுத்துட்டு வா!" என்றார். போட்டுக் கொடுத்தாள்.

இப்போது நான் நிரந்தர ஆசிரியன். என்னை நிரந்தரமாக்கியது சரிதானா என்று பார்க்க அடுத்த மாதம் ஒன்பது பேர் வருகிறார்கள். எட்டாம் வகுப்பை இன்றைக்கே விறகு பொறுக்க அனுப்பிவிட்டேன்.