ஸ்மாக் என்ற சொல்லும் நான் தொலைத்த வேலையும்

வாயை மூடிக்கொண்டிருந்தால் கிடைத்திருக்கும் வேலையை, வாயைத் திறந்து தொலைத்தவன் நான். இதைச் சொல்ல வெட்கமெல்லாம் தீர்ந்துவிட்டது. அலுப்புதான் மிச்சம்.

டிப்ளமா முடித்துவிட்டு கீரப்பாளையத்தில் இரண்டு வருஷம் சும்மா கிடந்தேன். என் தாய்மாமா கடலூர்ப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். மேனேஜர் பின்னால் ஆறு மாதம் அலைந்து எனக்கு ஓர் இன்டர்வியூ வாங்கினார்.

"மத்ததெல்லாம் நான் பேசிட்டேன். நீ போய் உக்காந்துட்டு வந்தா போதும்" என்றார்.

அந்த உட்காருவதுதான் எனக்கு வரவில்லை.

காரணம், சிதம்பரத்தில் நான் போய்க்கொண்டிருந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. அங்கே தினம் ஒரு சொல். அதன் அர்த்தம், அது பிறந்த கதை, இரண்டையும் எழுந்து நின்று மூச்சுவிடாமல் ஒப்பிக்க வேண்டும். (இங்கிலீஷில் ஒரு டீ கேட்டு வாங்கத் தெரியாது. சொல்லின் பூர்வீகம் மட்டும் தெரியும்.) இன்டர்வியூவுக்கு முந்தின நாள் எனக்கு விழுந்த சொல் ஸ்மாக். ஸ்மோக் என்றால் புகை, ஃபாக் என்றால் மூடுபனி. லண்டனில் நிலக்கரிப் புகையும் பனியும் சேர்ந்து ஊரையே அடைத்த காலத்தில், இரண்டு சொல்லையும் வெட்டி ஒட்டி ஒன்றாக்கினார்கள். ஒரு டாக்டர்தான் அதைப் பரப்பினார் என்பார்கள். நான் ஒப்பித்து முடித்ததும் வாத்தியார் கை தட்டினார். அந்த ஆளை உதைக்க வேண்டும்.

மறுநாள் மார்கழிக் காலை. பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. மேனேஜர் நல்ல மனிதர். என் நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "இன்னைக்கு மிஸ்ட் ஜாஸ்தி, இல்ல?" என்று ஆரம்பித்தார். வெளியே பனி. பனிக்கு நடுவே அவர்கள் புகைபோக்கி.

"ஆமா சார்" என்றால் முடிந்தது.

நான் எழுந்து நின்றேன். "நோ சார். திஸ் இஸ் ஸ்மாக்." பிறகு லண்டன், நிலக்கரி, டாக்டர், இருமல், சாவு எல்லாம் வரிசையாக வந்தன. போதாதற்குப் புகைபோக்கியை விரலால் காட்டினேன். உதாரணம் காட்டினால் வகுப்பில் கூடுதல் மார்க்.

மேனேஜர் பேனாவை மூடினார். "தம்பி எந்தச் சங்கம்?"

"சங்கம் இல்ல சார். டிப்ளமா மெக்கானிக்கல்."

"யாரு அனுப்புனா?"

"எங்க மாமா சார். உங்க ஸ்டோர்லதான் இருக்காரு."

ஒரு மணி நேரம் கழித்து மாமா கேட்டுக்கு வெளியே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அவரு என்னடா கேட்டாரு?"

"பனியப் பத்தி."

"பனிதானடா அது?"

"அப்படிச் சொல்லிட முடியாது மாமா, அதுல புகை கலந்தா..."

"வாய மூடு. இருபது வருஷ சர்வீஸ்ல இன்னைக்குத்தான் என்னைக் கூப்ட்டு, கம்பெனி மேல ஏதாச்சும் மனக்குறையான்னு கேக்குறாங்க."

வேலை போனது. இப்போது சிதம்பரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன்.

போன மாதம் என் மகளுக்கு இன்டர்வியூ. ரிட்டையரான மாமா அவளுக்குப் போன் போட்டார். வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை.

"உங்கப்பனும் கூட வர்றானா?"

"வண்டியில கொண்டாந்து விடறேன்னாரு தாத்தா."

"கேட்டுக்கு முன்னாடியே எறங்கிடு. அவன் உள்ள வந்தா, அந்தக் கம்பெனிக்காரனுக்கே அவன் கம்பெனியப் பத்தி வெளக்கிடுவான்."

அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. நான் இரண்டு தெரு தள்ளி வண்டியில் உட்கார்ந்திருந்தேன். கிடைத்ததற்கு அதுதான் காரணம் என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள்.